தனி டம்ளர்

போன வாரம் சம்பந்தி வீட்டுப் பந்தியில், பரிமாறிய இலையைத் தொடாமல் எழுந்து வந்தாளே வெள்ளத்தாய், அந்தக் கோபத்தை அவள் இன்னும் இறக்கி வைக்கவில்லை. ராஜபாளையத்தில் அவளைத் தெரிந்தவர்கள் யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை. யார் மேலாவது கோபம் இல்லாத நாளில் அவளுக்குக் காபியே இறங்காது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளத்தாய், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் கண்ணுச்சாமியின் மனைவி. அவர் வயிறு வீங்கிச் செத்து நான்கு வருடமாகிறது. மகன் பாண்டிதுரை, பேண்டேஜ் துணி ஓடும் தங்கள் தறிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறான். மகள் மாரிசெல்வியை ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடும் குடும்பத்தில் கொடுத்திருக்கிறாள். மாரிசெல்விக்கு இது ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் மகளைக் கையோடு அழைத்து வர வேன் பிடித்துப் போனாள் வெள்ளத்தாய். அத்தனை பேர் பார்க்க, "பிள்ளை இங்கதான் பெறக்கும்" என்று சொல்லிவிட்டாள் மாமியார் சீனியம்மாள்.

காரணம் கேட்டதற்கு, "காரணமெல்லாம் சொல்றதுக்கில்ல மதினி. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

"இந்த வாசல்ல இனி ஒரு மடக்குத் தண்ணி குடிச்சா நான் வெள்ளத்தாய் இல்ல" என்று சொல்லிவிட்டு வேன் ஏறியவள்தான். அன்றிலிருந்து அம்மாவின் போனை மாரிசெல்வி எடுக்கவில்லை. அதற்கும் பழி சீனியம்மாள் மேல்தான். பால் காய்ச்சுகிறவளுக்கு வந்த திமிரைத் தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லி வெள்ளத்தாய்க்குத் தொண்டை கட்டிவிட்டது.

இனி இன்றைய காலைக்கு வருவோம்.

பாண்டிதுரை எழுந்து செருப்பை மாட்டினான். கால் நுழையவில்லை. இரண்டு பாதமும் வீங்கியிருந்தன. விரலால் அமுக்கிய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. கண் மஞ்சளாகி மூன்று வாரம் ஆகியிருந்தது.

அந்த மூன்று வாரமும் வைத்தியம் நடக்காமல் இல்லை. வத்திராயிருப்புப் பக்கம் ஒரு காமாலை வைத்தியர் இருக்கிறார். நோயாளியின் மூத்திரத்தில் நாலு அரிசியைப் போட்டு வைப்பார். அரிசி மஞ்சளானால் காமாலை. கண்ணாடியில் பார்த்தாலே தெரிகிற மஞ்சளை அரிசியில் கண்டுபிடிப்பதற்கு அந்த மனிதர் வாசலில் காரில் வந்தவர்கள் கூட வரிசையில் நிற்கிறார்கள். கடைசியாகப் போனபோது அரிசி வெளுத்து வருகிறது என்று வைத்தியர் சந்தோஷப்பட்டார். அரிசியைப் பற்றி அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம்.

வெள்ளத்தாய் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்தாள்.

"ஏலே, ஊது."

"என்னதும்மா?"

"வாயை ஊதுலே."

இருபத்தேழு வயது ஆண்பிள்ளை, தாயின் முகத்துக்கு நேரே வாயை ஊதினான். கீழாநெல்லி வாசம்தான் வந்தது. அவளுக்கு அது போதவில்லை.

"வாசம் வராததெல்லாம் இப்ப விக்கானாமே. எத்தன நாளா குடிக்க?"

"நான் குடிக்கல. எம்புட்டு தடவை சொல்ல?"

"உங்கப்பனும் அதத்தான் சொன்னாரு."

கண்ணுச்சாமியைப் பற்றி இந்தத் தெருவுக்கு எல்லாம் தெரியும். பட்டாளத்துக்காரர், மாதாமாதம் ராணுவக் கேன்டீனில் பாட்டில் வாங்கி வருவார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பாட்டில்கள் கரண்டு ஆபீஸ் ஆளுக்கும், தறி மெக்கானிக்குக்கும், மச்சினன்மார்களுக்கும் போய்ச் சேர்ந்ததை வாங்கிக் குடித்தவர்கள் யாரும் வெளியே சொன்னதில்லை. கண்ணுச்சாமிக்கு வயிறு உப்பியபோது, அவர் பாட்டிலில் குடித்த அதே மச்சினன்மார் வந்து, "மாமா நம்ம பேச்சக் கேக்கல" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். குடிகாரனுக்கு எதுக்கு டெஸ்ட்டு என்று வெள்ளத்தாய் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

வந்த கையோடு, குடிகாரன் எச்சில் ஆகாது என்று, அவருக்கென ஒரு அலுமினியத் தட்டையும் அலுமினிய டம்ளரையும் ஒதுக்கினாள். மற்ற பாத்திரங்களோடு அவற்றைக் கழுவ மாட்டாள். கடைசி நாள் வரை அந்த டம்ளரை அவர் கையில் கொடுத்ததும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

பாண்டிதுரை மோரை வாங்கிக் குடித்தான். பாதி குடித்த பிறகுதான் கையில் இருப்பதைப் பார்த்தான்.

"எம்மா, இது அப்பா டம்ளர்ல்லா?"

"டம்ளர்ல என்ன இருக்கு, குடி."

மீதியையும் குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தான். பிறகு, இரண்டு நாளுக்கு முன்பே ரத்தம் கொடுத்து ஸ்கேனும் எடுத்துவிட்டதாகச் சொன்னான். மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை வரும் கல்லீரல் டாக்டர் இன்று ஊர் ஆஸ்பத்திரியில் பார்க்கிறார். வெள்ளத்தாயும் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். மகன் மேல் இரக்கப்பட்டு அல்ல. டாக்டர் வாயால் அவன் நாலு வார்த்தை வாங்கட்டும் என்றுதான்.

டாக்டர் எட்வின் அதிகம் சிரிக்காத மனிதர். ஸ்கேன் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "குடிப்பழக்கம் உண்டா?" என்றார்.

"உண்டு சார். இவன் அப்பனுக்கும் இருந்துச்சு" என்றாள் வெள்ளத்தாய்.

"நான் அவரைக் கேட்டேன்."

"இல்ல சார்" என்றான் பாண்டிதுரை.

"சரி. ரெண்டு பேரும் இங்க சண்டை போட வேண்டாம். இத்தனை நாள் என்ன மருந்து?"

வெள்ளத்தாய் வைத்தியரைப் பற்றிச் சொன்னாள். அரிசி வெளுத்து வருவதையும் விடாமல் சொன்னாள்.

"அரிசி நல்லா இருக்கட்டும்மா. எனக்குப் பையனோட கல்லீரல்தான் முக்கியம்" என்றார் டாக்டர். "காமாலைங்கறது ஒரு நோய் இல்ல. அடையாளம். பித்தநீர் ரத்தத்துல தங்கினா கண்ணு மஞ்சளாகும். ஏன் தங்குதுன்னு தேடணும். குடி ஒரு காரணம். குடிக்காதவங்களுக்கும் கொழுப்பு படிஞ்சு கல்லீரல் கெட்டுப்போகுது. பித்தக்குழாயில கல் அடைக்கலாம். கிருமி இருக்கலாம். மூஞ்சியப் பார்த்து எங்களாலயே சொல்ல முடியாது. தெருவுல இருக்கறவங்க எப்படியோ சொல்லிடறாங்க."

வெள்ளத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தம்பி, உங்களுக்கு இருக்கறது ஹெபடைடிஸ் பி. வைரஸ் கிருமி. இந்த மாசம் வந்ததில்ல, வருஷக்கணக்கா உள்ள இருந்திருக்கு. கல்லீரல்ல தழும்பு விழுந்து கெட்டியாகத் தொடங்கிடுச்சு. அது செய்ய வேண்டிய புரதத்தைச் சரியா செய்யல. அதான் காலெல்லாம் நீர். கல்லீரல் சீக்கிரத்துல வாயைத் திறக்காது. திறக்கும்போது நிறைய போயிருக்கும்."

"பொழச்சுக்கிடுவேனா சார்?"

"இன்னைக்கே மாத்திரை ஆரம்பிக்கறோம். தினமும் போடணும், நானா சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. மதுரைக்கு வந்து தழும்பு எவ்வளவுன்னு அளந்து பார்க்கணும், எண்டோஸ்கோப்பியும் பண்ணணும். கிருமியை அடக்கிட்டா, இருக்கறதைக் காப்பாத்தலாம். ஒரு நாலஞ்சு மாசம் முன்னால வந்திருந்தா இன்னும் தைரியமா பேசியிருப்பேன்."

வெள்ளத்தாய் மகன் பக்கம் திரும்பினாள். "எங்க போயி வாங்குன இத? எவகிட்ட?"

பாண்டிதுரை தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் நின்ற நர்ஸ் அந்தக் கேள்விக்கு முகத்தைச் சுளித்தாள்.

"இந்த வயசுல இவ்வளவு தழும்புன்னா, பெரும்பாலும் பிறக்கும்போதே வந்திருக்கும்" என்றார் டாக்டர். "பிறக்கும்போது வர்றது அம்மாகிட்ட இருந்துதான்."

வெள்ளத்தாய் சிரித்தாள். ஊரில் யாரை மட்டம் தட்டும்போதும் வருகிற அதே சிரிப்பு. கையை மேசை மேல் நீட்டினாள்.

"எடுங்க. நல்லா எடுத்துப் பாருங்க. எனக்கு ஒரு தலைவலி, காய்ச்சல்னு படுத்ததில்ல. எங்க வம்சத்துல அந்த மாதிரி கெடயாது."

ஒரு சொட்டு ரத்தம் போதுமாக இருந்தது. வெள்ளை அட்டையில் வைத்துவிட்டு, வெளியே உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், படித்தவர்கள் காசு பிடுங்குகிற விதத்தைப் பற்றிப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பக் கூப்பிட்டபோது அட்டையில் இரண்டு கோடு இருந்தது. ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு என்றால் இருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள்.

வெள்ளத்தாய் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வார்த்தை வராமல் நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"இது உங்க தப்பு இல்லம்மா" என்றார் டாக்டர். "உங்களுக்கு உங்க அம்மாகிட்ட இருந்து வந்திருக்கலாம். சில பேருக்கு ஒண்ணும் பண்ணாம உள்ளேயே கிடக்கும். உங்களுக்கும் மத்த டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம்."

"எங்க வீட்டுக்காரருக்கு?"

"இருந்திருக்கலாம். உங்ககிட்ட இருந்தும் போயிருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். அப்போ சோதிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

அட்டையை மேசையில் வைத்துவிட்டு அவள் கேட்டாள். "இனி வீட்டுல தனித் தட்டு, தனி டம்ளர் வச்சுக்கிடணுமா சார்?"

"எதுக்கு? சேர்ந்து சாப்பிடறதால, ஒரே டம்ளர்ல குடிக்கறதால இது ஒட்டாது. பிளேடு, டூத் பிரஷ் மாதிரி ரத்தம் படற சாமான் மட்டும் தனியா இருக்கட்டும்."

பாண்டிதுரை அம்மாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"வீட்ல வேற பிள்ளைங்க?"

"அக்கா ஒருத்தி. ஒன்பது மாசம்" என்றான் பாண்டிதுரை.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். "அவங்களுக்கு டெஸ்ட் எடுத்தாங்களா, என்ன வந்துச்சுன்னு இன்னைக்கே கேளுங்க. இருந்தா, குழந்தை பிறந்த கையோட ரெண்டு ஊசி போடணும். போட்டா பெரும்பாலும் தப்பிச்சிடும். அந்த ஊசி ரெடியா இல்லாத இடத்துல பிரசவம் ஆகிட்டா, இன்னொரு பாண்டிதுரைதான்."

வெளியே வந்ததும் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போன் போட்டார்கள். மாரிசெல்வி எடுக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினார்கள்.

ஆள் திருந்தியிருப்பாள் என்று நினைக்காதீர்கள். பஸ் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் வெள்ளத்தாய்க்குப் பேச்சு திரும்பிவிட்டது.

"அவளுக்கு என்ன தெரியும்? பாலக் கிண்டத் தெரியும். டெஸ்ட்டாவது ஒண்ணாவது. நான் கேட்டப்பவே பிள்ளைய அனுப்பியிருந்தா, நம்ம பக்கத்துலயே வச்சுப் பாத்திருக்கலாம்."

"எங்க வச்சும்மா?"

"நம்ம சித்தி மக நர்சிங் ஹோம்ல."

"அங்க அந்த ஊசி இருக்குமா?"

ஒரு வாரமாகச் சண்டை போட்டு மகளை எந்த இடத்துக்கு இழுத்து வரப் பார்த்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மிச்ச தூரமும் முந்தானையைப் பிசைந்துகொண்டு வந்தாள்.

சீனியம்மாள் வீட்டின் முன்பக்கம் கடை, பின்பக்கம் அடுப்படி. ஆறிய பால்கோவாவை அட்டைப்பெட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தவள், வந்தவர்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க மதினி. வர மாட்டேன்னிய."

"நான் ஒண்ணும் விருந்துக்கு வரல. எம் மகளப் பாக்கணும்."

"உள்ளதான் இருக்கா. அதுக்கு ஏன் தெருவுக்கே கேக்கப் பேசுதிய?"

மாரிசெல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அவள் கை வயிற்றின் மேல் போனது. பிறகு தம்பியின் கண்ணைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளத்தாய் சுற்றி வளைக்கவில்லை. "ஏட்டி, ரத்தம் சோதிச்சாங்களா உனக்கு? கல்லீரல்ல கிருமி இருக்கான்னு? இல்ல, சும்மா பாலக் குடிச்சுட்டுக் கெடன்னு விட்டுட்டாங்களா?"

சீனியம்மாள் கையைத் துடைத்தாள்.

"நாலாம் மாசமே சோதிச்சாச்சு. இருக்கு. கிருமி கூடுதலா இருக்குன்னு ஏழாம் மாசத்துல இருந்து மாத்திரை திங்கா. நாந்தான் தெனமும் எடுத்துக் குடுக்கேன். பிள்ளை பெறந்தா போட வேண்டிய ரெண்டு ஊசிக்கும் பெரியாஸ்பத்திரியில சொல்லி வச்சாச்சு. அதான் உங்க வீட்டுக்கு அனுப்பல. போதுமா?"

"நாலாம் மாசமேவா? பெத்தவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பிய? எவன்கிட்ட வாங்குனன்னு கேட்டிருப்பிய."

நர்ஸ் முகத்தைச் சுளித்தது வெள்ளத்தாய்க்கு நினைவு வந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டாள்.

"நான் சொல்லணும்னுதான் நெனச்சேன்" என்றாள் சீனியம்மாள். "உங்க வாயைக் கண்டு எனக்கென்ன பயம்? இவதான் என் காலப் பிடிச்சு அழுதா. அத்தை, எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லீராதிய, எங்கப்பாவ வச்ச மாதிரி என்னையும் வச்சிருவாங்கன்னு."



இவ்வளவு நேரம் வாசலிலேயே நின்றிருந்த பாண்டிதுரை, அக்காவைப் பார்த்துக் கேட்டான். "கூடப் பெறந்தவங்களையும் சோதிக்கணும்னு சொல்லலையாக்கா அங்க?"

மாரிசெல்வி நிமிரவில்லை.

"சொன்னாங்களா, இல்லையா?"

"சொன்னாங்க."

"அஞ்சு மாசமாச்சு."

"உன்கிட்ட சொன்னா அம்மாவுக்குத் தெரிஞ்சு போகும்னு பயந்துட்டேன்டா. பிள்ளை பெறந்ததும் சொல்லுவோம்னு இருந்தேன். உனக்கு இப்படி ஆகும்னு நான் நெனைக்கல."

சீனியம்மாளும் இப்போது தரையைப் பார்த்தாள். மருமகள் அழுதாள் என்று வாயைப் பொத்திக்கொண்ட பெரிய மனுஷி அவள். அந்த அழுகைக்குப் பின்னால் ஒரு பையன் இருக்கிறான் என்று அவளுக்கும் தோன்றவில்லை. ஒருத்தியின் நாக்குக்குப் பயந்து இரண்டு வீடு ஊமையாக இருந்திருக்கிறது. அதற்கான விலையை அந்த மூன்று பெண்களில் ஒருத்தியும் கொடுக்கவில்லை. நாலைந்து மாதம் முன்னால் வந்திருக்கலாமே என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்தவன் அவன்தான்.

வெள்ளத்தாய் மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். சீனியம்மாள் உள்ளே போய் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

அதைக் கையில் வாங்காமலே வெள்ளத்தாய் சொன்னாள். "பேப்பர் கப்பு இருந்தா அதுல ஊத்தித் தாங்க மதினி. எனக்கும் இருக்குதாம்."

"அது எனக்கு அப்பவே தெரியும். இவளுக்கு எங்க இருந்து வந்திருக்கும்னு டாக்டரம்மா சொல்லாமலா இருப்பாவ?" சீனியம்மாள் டம்ளரை அவள் கையில் திணித்தாள். "இது நாங்க குடிக்கிற டம்ளர். உங்க மகளும் இதுலதான் குடிக்கா. இஷ்டம்னா குடிங்க. இல்லைன்னா கீழ வைங்க."

வெள்ளத்தாய் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மாரிசெல்வி, வந்ததிலிருந்து முதல் தடவையாக அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எம்மா, அப்பாவுக்குன்னு ஒதுக்கி வச்சியே ஒரு டம்ளர். அது இன்னும் வீட்டுல கெடக்கா?"

வெள்ளத்தாய் டம்ளர் பக்கம் குனிந்துகொண்டாள்.

"கெடக்கு" என்றான் பாண்டிதுரை வாசலிலிருந்து. "இன்னைக்குக் காலையில எனக்கு அதுலதான் மோர் குடுத்தா."

மாத்திரைச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவன் படியிறங்கினான். வீங்கிய காலில் பாதி நுழைந்த செருப்பு தரையில் தேய்ந்தது.

"ஏலே, நில்லு. வீட்டுக்குத்தான போற?" என்றாள் வெள்ளத்தாய்.

"அந்த வீட்டுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தான். எழுந்து ஓட வேண்டும் என்றால் முதலில் கையிலிருந்த தண்ணீரைக் குடிக்க வேண்டும், இல்லை கீழே வைக்க வேண்டும். அவள் இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.